உரோமர் கட்டியவற்றை நாள்தோறும் பார்த்துக்கொண்டவர் யார்?

உவர்மலை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை நகரப் பாடசாலையொன்றில் நான் வரலாறு கற்பிக்கிறேன். உரோமரைப் பற்றிய பாடம் வரும்போது வீதி, வளைவு, நீர்ப்பாலம், சட்டம், படை, குடியரசு, பேரரசு என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்; பிள்ளைகளும் அவ்வாறே மனனம் செய்து விடைத்தாளில் எழுதிவிடுகிறார்கள். சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, "பத்து இலட்சம் பேர் வாழ்ந்த நகரத்துக்கு நாள்தோறும் தண்ணீரும் தானியமும் ஒழுங்காக வந்தன என்றால், அவற்றைப் பார்த்துக்கொண்டவர் யார்? வாய்க்கால் உடைந்தால் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?" என்று கேட்டாள். அடுத்த பாடவேளையில் சொல்கிறேன் என்று கூறி அவளை அமர்த்தினேன். ஒரு வாரம் ஆகியும் எனக்கே நிறைவு தரும் விடை அகப்படவில்லை.

என் குழப்பம் இதுதான். கி.மு. 509 இல் மன்னரை நீக்கிய பின்னர், அதிகாரம் ஒருவரிடம் தங்கிவிடக் கூடாது என்று அஞ்சிய உரோமர் ஆண்டுக்கு இரண்டு கொன்சல்களைத் தெரிவுசெய்தார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். ஆண்டு முடிந்ததும் இருவரும் விலக வேண்டும். பொதுமக்களான பிளீபியர் கி.மு. 494 இல் நகரை விட்டு வெளியேறி நின்று, தங்களைக் காப்பதற்குத் திரிபியூன் என்ற பதவியைப் பெற்றுக்கொண்டதாகவும் மரபு கூறுகிறது. அதிகாரத்துக்குக் கடிவாளம் இட இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள் என்பது விளங்குகிறது. ஆனால் ஆண்டுதோறும் ஆள் மாறும் ஓர் ஆட்சியில், கட்டி முடிக்கவே பல ஆண்டு பிடிக்கும் வேலைகள் எப்படி நடந்தன? கட்டிய பின் நூற்றாண்டுக் கணக்கில் எப்படி நின்றன? படைபலம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

கந்தளாய் ஓய்வுநிலை உத்தியோகத்தர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவியின் கேள்வி நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்த தொழிலைப் பற்றியது. நீர்ப்பாசன வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். குளம் கட்டுவது ஒரு தலைமுறையின் வேலை. துருசை, அதாவது குளத்தின் மதகை, வேளைக்குத் திறப்பதும், வாய்க்காலில் சேறு வாருவதும், அணைக்கட்டில் மரம் வேர்விடாமல் பார்ப்பதும் எந்தத் தலைமுறையிலும் முடியாத வேலை. 1986 ஏப்பிரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை அறிந்த எவருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை. ஆகவே உரோமரைப் பற்றிப் படிக்கும்போதும் என் கண் முதலில் பராமரிப்பின் பக்கமே போகும்.

ஆண்டுப் பதவி பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. உரோமரே அதில் இடறினார்கள். வீதி, வாய்க்கால் முதலிய பொதுவேலைகளைக் குத்தகைக்கு விடுவது பொதுவாகச் சென்சோர் எனப்பட்ட இருவரின் பொறுப்பு. அவர்கள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தெரிவாகிப் பதினெட்டு மாதத்தில் விலக வேண்டும். கி.மு. 312 இல் சென்சோர்களாக இருந்த அப்பியஸ் கிளோடியஸ், கையஸ் புளௌட்டியஸ் ஆகிய இருவர் காலத்தில்தான் நகரத்தின் முதலாவது நீர்க்கால்வாய் தொடங்கப்பட்டது. ஊற்றுகளைத் தேடிக் கண்டுபிடித்தவர் புளௌட்டியஸ். பதினெட்டு மாதம் முடிந்ததும் அவர் முறைப்படி விலகினார். அப்பியஸோ ஏதேதோ காரணம் காட்டித் தம் காலத்தை நீட்டி, கால்வாயையும் தெற்கேயுள்ள கப்புவா நகரம் வரை செல்லும் வீதியையும் முடித்தார். இன்றுவரை இரண்டுக்கும் அப்பியஸின் பெயரே வழங்குகிறது. ஒழுங்கை மதித்தவரின் பெயர் மறைந்துபோனது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பதவியின் நீளமும் வேலையின் நீளமும் எங்கே மோதின என்பது அவர்களுக்கு உடனே புலப்படும்.

அந்த மோதல் தீர ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் சென்றன. முதற் பேரரசரான ஒகஸ்டஸின் நெருங்கிய துணைவர் அக்கிரிப்பா, பழைய கால்வாய்களைத் திருத்திப் புதியவற்றையும் கட்டியதோடு, அவற்றைப் பராமரிப்பதற்கென்றே தம் சொந்த அடிமைகள் 240 பேரைப் பயிற்றி வைத்திருந்தார். கி.மு. 12 இல் அவர் இறந்தபோது அவர்கள் ஒகஸ்டஸின் கைக்கு வந்தார்கள். அவர் அவர்களை அரசுடைமையாக்கினார். கி.மு. 11 இல் நீர்க் கண்காணிப்பாளர் என்ற நிலையான பதவியும் உருவானது. பின்னர் கிளோடியஸ் பேரரசர் மேலும் 460 பேரைச் சேர்க்க, மொத்தம் 700 பேர் ஆயினர். வாய்க்கால் வழியே சுற்றிப் பார்த்து வருபவர், பகிர்வுத் தொட்டிகளைக் காப்பவர், வீதிக் கல்லைப் பெயர்த்துக் குழாய் திருத்தியபின் மீண்டும் பதிப்பவர், சாந்து பூசுபவர் என்று அவர்களிடையே வேலை பிரிக்கப்பட்டிருந்தது. அக்கிரிப்பா விட்டுச்சென்ற கூட்டத்துக்கான செலவு அரச கருவூலத்திலிருந்தும், கிளோடியஸ் சேர்த்த கூட்டத்துக்கானது பேரரசரின் நிதியிலிருந்தும் வந்தது.

கி.பி. 97 இல் அந்தப் பதவிக்கு வந்தவர் புரொன்டினஸ். முன்னர் கொன்சலாகவும் பிரித்தானியாவில் ஆளுநராகவும் இருந்த பெரிய மனிதர். தமக்குக் கீழுள்ளவர்கள் சொல்லித் தந்து தாம் நடப்பது தகாது என்று கருதிய அவர், ஒன்பது கால்வாய்களையும் தாமே ஆராய்ந்து, வரைபடம் வரைவித்து, அளவுகளை எல்லாம் எழுதிவைத்தார். நமக்கு இவ்வளவு விவரம் கிடைப்பது அந்த எழுத்தினால்தான். ஊற்றுவாயில் அளந்தபோது பதிவேட்டில் இருந்ததைவிடக் கூடுதலாகத் தண்ணீர் வருவதை அவர் கண்டார். மிகுதி எங்கே போயிற்று என்று தேடியபோது, வழியிலேயே காணிக்காரர் உடைத்து எடுத்ததும், காசு வாங்கிக்கொண்டு குழாய்க்காரர் இரகசியமாகத் துளையிட்டுக் கொடுத்ததும் வெளிப்பட்டன. வாய்க்கால் மடை வெட்டும் வழக்குகளைத் தீர்த்துவைத்தவன் என்ற முறையில், ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தப் பக்கங்களை நான் பக்கத்து ஊர்ச் செய்தியைப் போலவே படித்தேன்.

அவர் செய்த சீர்திருத்தங்களில் எனக்கு மிகப் பிடித்தது சிறியது. அந்த 700 பேரும் செல்வாக்குள்ளவர்களின் சொந்த வேலைக்கு இழுக்கப்பட்டு வந்தார்கள். மறுநாள் யார் என்ன செய்வது என்று முதல் நாளே கட்டளையிட்டு, அன்றன்று செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும் என்று அவர் விதித்தார். திருத்த வேலைக்காக ஒரு நேரத்தில் ஒரு கால்வாயை மட்டுமே அடைக்கலாம். சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்கு ஏற்ற பருவத்திலேயே வேலை செய்ய வேண்டும்; உறைபனியிலும் கடும் கோடையிலும் கூடாது. நிலத்தடிக் கால்வாயின் இருபுறமும் 5 அடிக்கும், வளைவுகளின் இருபுறமும் 15 அடிக்கும் மரமோ கட்டடமோ இருக்கலாகாது என்பது உரோமின் மூத்தோர் அவையான செனற் சபையின் பழைய தீர்மானம். வீட்டுக்குத் தண்ணீர் பெறும் உரிமை பெற்றவரோடு முடிந்துவிடும். பிள்ளைக்கும் போகாது, வீட்டை வாங்கியவருக்கும் போகாது.

ஆகவே உங்கள் மாணவிக்கு நேர் விடை: கி.பி. 97 இல் வாய்க்கால் உடைந்திருந்தால் புரொன்டினஸிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள்.

நம் ஊரிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. மரபு கூறும் மன்னனான குளக்கோட்டன் கோயிலையும் குளத்தையும் கட்டியதோடு நில்லாமல், தானத்தார், வரிப்பற்றார் என்று குடிகளை அமர்த்தி, யார் எந்தத் தொழும்பை, அதாவது கோயிற் பணியை, செய்வது என்பதையும் வகுத்தான் என்று கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கூறுகிறது. கட்டியவனின் புகழைப் பாடும் மரபு, அந்த வகுப்பை மறக்காமல் சேர்த்துச் சொன்னது அருமை.

மூதூர் வாசகர் எழுதியது:

மேலே ஐயா தண்ணீரை முழுமையாகச் சொல்லிவிட்டார். நான் உள்ளூராட்சிக் கணக்குப் பகுதியில் வேலை செய்பவன். அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

உரோமர் தங்கள் நாட்டை அலுவலர் கூட்டத்தைக் கொண்டு ஆளவில்லை. இவ்வளவு பெரிய பேரரசில் மத்திய அரசின் நிர்வாகிகள் வியப்பூட்டும் அளவுக்குச் சிலரே. வரி திரட்டல், சந்தை, வீதி, குளிப்பகம், சிறு வழக்கு எல்லாவற்றையும் அந்தந்த நகரத்தின் சபையே கவனித்தது. ஸ்பெயினின் தென்பகுதியில் கிடைத்த வெண்கலப் பலகைகளில் கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த நகரச் சட்டங்கள் உள்ளன. மாலகா நகரத்துப் பலகை 1851 இலும், இர்னி என்ற சிற்றூரின் பலகைகள் 1981 இலும் கண்டெடுக்கப்பட்டன. பொதுப்பணத்தைக் கையாளும் பதவிக்கு நிற்பவர் முன்கூட்டியே பிணை காட்ட வேண்டும் என்றும், பொதுப்பணத்தைக் கையாண்டவர் முப்பது நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்றும் அவற்றில் படித்தபோது, என் மேசையில் கிடக்கும் சுற்றறிக்கைகள் நினைவுக்கு வந்தன. இர்னி பேரூர் அன்று. அத்தகைய ஒரு சிற்றூருக்கும் இப்படிப் பலகை பலகையாகச் சட்டம் செதுக்கித் தந்தார்கள் என்பதைத்தான் நான் உரோமரின் பெரிய கட்டடமாகக் கருதுகிறேன்.

அந்த ஒழுங்கு எங்கும் நன்றாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். கி.பி. 111 அளவில் கருங்கடற் கரைப் பகுதியான பித்தீனியாவுக்கு ஆளுநராக அனுப்பப்பட்ட இளைய பிளினி, நிக்கொமீடியா நகரத்தார் ஒரு நீர்க்கால்வாய்க்காக 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட செஸ்டேர்ஸ் நாணயங்களைச் செலவிட்டு, அதனைப் பாதியில் கைவிட்டு இடித்துவிட்டார்கள் என்று திராஜன் பேரரசருக்கு எழுதினார். தண்ணீர் கிடைக்க வழி செய்யுங்கள், ஆனால் யாருடைய தவறால் இவ்வளவு பணம் வீணாயிற்று என்பதையும் விசாரியுங்கள் என்ற கருத்தில் பேரரசர் பதில் அனுப்பினார்.

மற்றது குடியுரிமை. கிரேக்க நகரங்கள் குடியுரிமையை இறுக மூடி வைத்திருந்தன. உரோமரோ தோற்றவர்களையும் காலப்போக்கில் உள்ளே எடுத்தார்கள். இதனை முதலில் கூர்ந்து கவனித்தவர்களுள் ஒருவர் உரோமரின் பகைவரான மக்கெடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப்பு. உரோமர் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் குடியுரிமை கொடுத்து, அதனால் பெருகி, எழுபது இடங்கள் அளவில் குடியேற்றங்களை நிறுவிவிட்டார்கள் என்று கி.மு. 214 இல் லரிசா நகரத்தாருக்கு அவர் எழுதிய மடல் கல்லில் கிடைத்திருக்கிறது. ஆயினும் இந்தத் தாராளம் தானாக வந்ததன்று. இத்தாலிய நேசநாட்டார் குடியுரிமைக்காகக் கி.மு. 91 இல் ஆயுதம் ஏந்த வேண்டியிருந்தது. போரில் பலர் மடிந்த பின்னரே அது கிடைத்தது. கி.பி. 48 இல் இன்றைய பிரான்சுப் பகுதியான காலியாவின் தலைவர்களைச் செனற் சபையில் சேர்க்கக் கிளோடியஸ் பேரரசர் வாதாடிய பேச்சு லியோன் நகரத்து வெண்கலப் பலகையில் இருக்கிறது. கி.பி. 212 இல் கரக்கல்லா பேரரசிலிருந்த சுதந்திர மக்கள் ஏறத்தாழ அனைவருக்கும் குடியுரிமை அளித்தார்.

பிறமொழி பேசுபவனுக்கும் தன் பெயர் பதிவேட்டில் ஏறும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவன் ஒரு நாட்டைத் தன் நாடு என்பான். படைபலத்தில் மனம் நிறையவில்லை என்று நீங்கள் எழுதியது சரியென்றே எனக்குப் படுகிறது.

துறைமுகத் தொழிலாளி, சீனக்குடா எழுதியது:

தானியத்தைப் பற்றி ஒருவரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

நம்முடைய உட்துறைமுகத்தைப் போல மலையும் ஆழமும் சேர்ந்த இயற்கைத் துறைமுகம் உரோம் நகரத்துக்கு அருகில் வாய்க்கவில்லை. தைபர் ஆற்றின் முகத்துவாரம் மணல் சேர்ந்து ஆழம் குறைந்தது. எகிப்திலிருந்து தானியத்தோடு வந்த பெருங்கப்பல்கள் நெடுந்தொலைவு தெற்கே புத்தியோலி என்ற துறைமுக நகரில் ஒதுங்கின. அங்கிருந்து சிறு கலங்களில் மாற்றிக் கரையோரமாகக் கொண்டுவந்து, ஆற்றில் எதிர்நீரோட்டத்தில் இழுத்துச் செல்ல வேண்டும். கி.மு. 123 இல் கையஸ் கிறாக்கஸ் மக்களுக்கு நிலையான குறைந்த விலையில் தானியம் வழங்கச் சட்டம் செய்தார்; பின்னர் அது இலவசமாயிற்று; ஒகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழ 2,00,000 பேர் பதிவில் இருந்தார்கள். கப்பல் பிந்தினால் நகரம் கொந்தளிக்கும். ஆகவே தானியத்துக்கென்றே தனி அதிகாரியை ஒகஸ்டஸ் நியமித்தார்.

கி.பி. 42 இல் கிளோடியஸ் முகத்துவாரத்துக்கு வடக்கே கடலுக்குள் இரு கைகளைப் போல அலைதாங்கிகளை நீட்டிப் புதிய துறைமுகத்தைத் தொடங்கினார். பரந்ததாக இருந்தாலும் காற்றுக்கு அது திறந்தே கிடந்தது. கி.பி. 62 இல் வீசிய புயலில் துறைமுகத்துக்கு உள்ளேயே 200 கப்பல்கள் அழிந்தன. பின்னர் திராஜன் அதற்குப் பின்னால், நிலத்தை அகழ்ந்து அறுகோண வடிவில் உட்துறையொன்றை வெட்டினார். ஒவ்வொரு பக்கமும் 350 மீற்றருக்கு மேல் நீளம். முதலில் கட்டியதன் பிழையை மறைக்காமல், அதன் உட்பக்கத்தில் திருத்தத்தைக் கட்டினார்கள் என்பது எனக்குப் பெரிய பாடம்.

கடலுக்குள் அவர்கள் இட்ட கொங்கிறீற்றைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சுண்ணாம்போடு புத்தியோலிப் பகுதி எரிமலைச் சாம்பலைக் கலந்தால் அது தண்ணீருக்குள்ளும் இறுகும். கடல்நீர் உள்ளே ஊறும்போது சாம்பலோடு வினைபுரிந்து புதிய பளிங்குகளை உண்டாக்குகிறது. அதனால் கலவை காலம் செல்லச் செல்ல உறுதியாகிறது. நம் கரையில் கொங்கிறீற்றுத் தூண்களுக்குள் இருக்கும் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து வெடித்து நிற்பதை நாள்தோறும் பார்க்கிறோம். உரோமரின் கொங்கிறீற்றில் கம்பியே இல்லை. இந்தச் சாம்பலை ஏரோது மன்னர் பலஸ்தீனத்தின் செசாரியாத் துறைமுகம் வரை கப்பலில் வருவித்தார்.

நம் தீவைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. செங்கடல் வரிக் குத்தகையை எடுத்திருந்த அன்னியஸ் புளொக்கமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமையொருவர், காற்றால் திசைமாறி இலங்கையில் ஒதுங்கியதாக உரோம எழுத்தாளரான மூத்த பிளினி எழுதியிருக்கிறார். அவரிடமிருந்த தினாரியஸ் என்ற உரோம வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு ஆட்சியாளரின் முகங்கள் இருந்தும், எல்லாம் ஒரே எடையாக இருப்பதைக் கண்டு நம் மன்னர் வியந்து, நால்வரைத் தூதனுப்பினாராம். முகம் மாறினாலும் எடை மாறாத காசு என்பது உங்கள் கேள்விக்கே ஒரு விடைபோல எனக்குத் தோன்றுகிறது. அந்த எடை பின்னர் நிலைக்கவில்லை: கி.பி. 64 இல் நீரோ அதனைக் குறைத்தார்; மூன்றாம் நூற்றாண்டில் வெள்ளி நாணயத்தில் வெள்ளி பெயரளவுக்கே எஞ்சியது.

நிலாவெளி எழுதியது:

அனைவரும் அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கந்தளாய் ஐயாவின் பதிவில் 700 என்ற எண் வந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். அந்த 700 பேரும் விலைக்கு வாங்கப்பட்ட, அல்லது அடிமைத்தனத்திலேயே பிறந்த மனிதர்கள். ஊற்றைக் கண்டுபிடித்த புளௌட்டியஸின் பெயர் கால்வாய்க்கு வழங்காமற் போனதற்கு வருந்துகிறோம். இருட்டில் குனிந்தபடி அந்தக் கால்வாய்க்குள் சுண்ணாம்புப் படிவைக் கொத்தியவர்களின் பெயர்கள் நூலிலேயே ஏறவில்லை.

அப்பியஸின் வீதியைப் பற்றிச் சொல்லும்போது ஸ்பார்ட்டக்கஸையும் சொல்ல வேண்டும். கி.மு. 73 இல் தொடங்கிய அடிமைகளின் எழுச்சி கி.மு. 71 இல் அடக்கப்பட்டபோது, பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து உரோம் வரை அந்த வீதியின் ஓரத்திலேயே சிலுவையில் அறைந்தார்கள். நேரான வீதி என்று பாடத்தில் வரும் அதே வீதி. உரோமில் அடிமை விடுதலை பெறவும், குடியாகவும் வழி இருந்தது என்பது உண்மை; அந்த வழி பெரும்பாலும் நகரத்து வீடுகளில் இருந்தவர்களுக்கே திறந்தது. ஸ்பெயினின் வெள்ளிச் சுரங்கங்களில் இருந்தவர்கள் அதுவரை உயிரோடிருப்பதே அரிது. யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்ட பிள்ளைக்கு இதனைச் சொல்லாமல் விட்டால், அவள் கேட்டதில் பாதிக்கே விடை சொன்னவர்களாவோம்.

உவர்மலை ஆசிரியை எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புளௌட்டியஸ், புரொன்டினஸ், பெயரற்ற அந்த 700 பேர் என்ற வரிசையிலேயே பாடத்தை அமைக்கப் போகிறேன். கந்தளாய் ஐயாவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கருவிகள் இல்லாத அந்தக் காலத்தில் பல மைல் தூரத்துக்கு மெல்லிய சரிவை எப்படிப் பிடித்தார்கள்? வகுப்பில் செய்து காட்டக்கூடிய வழி ஏதும் உண்டா?

கந்தளாய் ஓய்வுநிலை உத்தியோகத்தர் எழுதியது:

நிலாவெளி அவர்கள் சொன்னது சரி. அந்த மனிதர்களை நான் எண்ணால் மட்டும் சொல்லிக் கடந்துவிட்டேன். அவ்வாறு செய்திருக்கக் கூடாது.

சரிவைப் பற்றி. பிரான்சின் நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான இறக்கம் 13 மீற்றர்கூட இல்லை. படங்களில் காணும் மூன்றடுக்குப் பாலம் அதன் மிகச் சிறிய பகுதி. பெரும்பகுதி நிலத்துக்கு அடியில் செல்கிறது. கருவிகள் இல்லாமல் அவர்கள் செய்யவில்லை. ஏறத்தாழ 6 மீற்றர் நீளமான பலகைக்குக் கால்கள் பூட்டி, இரு முனையிலும் தூக்குநூல் தொங்கவிட்டு, காற்று நூலை அசைக்கும் நாட்களில் பயன்படுத்துவதற்காகப் பலகையின் மேற்புறத்தில் தண்ணீர் நிரப்பும் பள்ளமும் வெட்டியிருந்தார்கள். அதனை அடி அடியாக நகர்த்தி மட்டம் எடுத்தார்கள்.

வகுப்புக்கு அது தேவையில்லை. எந்த மேசனிடமும் உள்ள தெளிந்த நீர்மட்டக் குழாயை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். மைதானத்தில் 40 மீற்றர் இடைவெளியில் இரண்டு தடிகளை நட்டு, குழாயில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை இரண்டிலும் குறியுங்கள். பின்னர் இரண்டாவது தடியில் அந்தக் குறிக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே இன்னொரு கோடு போடச் சொல்லுங்கள். நீம் கால்வாயின் சராசரிச் சரிவு அவ்வளவுதான். குழாய் 40 மீற்றருக்குப் போதாவிட்டால் நடுவில் ஒரு தடியை நட்டு இரண்டு கட்டமாக எடுக்கலாம். குழாய்க்குள் காற்றுக் குமிழ் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு குமிழ் இருந்தாலும் மட்டம் பிழைத்துவிடும்.